நடுவில் நிற்கும் சவ்வு



இந்த இதழின் முகப்புக் கட்டுரை, சூரிய ஒளி, காற்று போன்றவற்றின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜன் பற்றியது. அரசாங்க அறிக்கை மாதிரி இருக்குமோ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் என்னைக் கவர்ந்தது, ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு சேரவிடாமல் நடுவில் நிற்கும் ஒரு மெல்லிய சவ்வு.

தண்ணீரைப் பிரிப்பது பழைய வித்தை. 1800-லேயே லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் மின்கலத்தை இணைத்துச் செய்து பார்த்துவிட்டார்கள். பள்ளி ஆய்வகத்தில் நம்மில் பலரும் அந்தக் குமிழிகளை வேடிக்கை பார்த்திருக்கிறோம். வம்பு அதற்கப்புறம்தான். பிரிந்த இரண்டும் மறுபடி கலந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அந்தக் காலத்து ஆலைகளில் குறுக்கே கல்நார்த் திரை கட்டினார்கள். கல்நார் நுரையீரலைக் கெடுப்பது தெரிந்ததும் அதற்கு மவுசு போயிற்று.

1960-களில் டூபாண்ட் நிறுவனத்தில் வால்தர் குரோட் நஃபியானை உருவாக்கினார். நான் சொன்ன சவ்வு இதுதான், டெஃப்லானுக்குப் பங்காளி முறை பிளாஸ்டிக். பரவலாகப் புழங்கும் ஒரு ரகத்தின் தடிமன் சுமார் 0.18 மில்லிமீட்டர். காய்ந்து கிடந்தால் ஒன்றுக்கும் ஆகாது. ஈரம் ஏறிவிட்டாலோ, அதிலுள்ள சல்ஃபோனிக் அமிலக் கூறுகள் புரோட்டான்களைக் கைமாற்றிக் கைமாற்றி அக்கரை சேர்த்துவிடும். நேர்மின்வாயில் தண்ணீர் உடைந்து, ஆக்சிஜன் அந்தப் பக்கமே வெளியேறும். எலக்ட்ரான்கள் கம்பி வழியே சுற்றிப் போகும். சவ்வைக் கடந்த புரோட்டான்கள் மறுபக்கம் அவற்றோடு கூடி ஹைட்ரஜனாகும். சவ்வை மெலிதாக்கினால் மின்சாரம் மிச்சம். ஆனால் ஹைட்ரஜன் கசிந்து ஆக்சிஜன் பக்கம் வரும். எந்தத் தடிமனில் நிறுத்துவது என்பதில்தான் பொறியாளர்களுக்கு இழுபறி. (இவ்வகைச் சவ்வைத் தலைகீழாகப் பயன்படுத்தி, இரு வாயுக்களையும் சேர்த்து மின்சாரம் எடுத்துக்கொண்டுதான் 1965-இல் ஜெமினி 5 விண்கலம் பறந்தது.)

அமிலச் சவ்வு என்பதால் மின்வாய்களில் நிக்கல் போன்ற மலிவு உலோகங்களை வைத்தால் அரித்துப்போகும். பிளாட்டினமும் இரிடியமும்தான் தாங்கும். இரிடியமோ பிளாட்டினச் சுரங்கங்களில், பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில், உடன்விளைவாகக் கொஞ்சமே கிடைப்பது. காரத்தன்மையில் இயங்கும் புதுச் சவ்வுகளுக்கு நிக்கலே போதும். அவை இன்னும் நஃபியான் அளவுக்கு நாள்பட உழைப்பதில்லை.

“குடிக்கவே தண்ணீர் இல்லை, இதில் ஹைட்ரஜனா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கணக்குப்படி 9 லிட்டர் தண்ணீர். சுத்திகரிப்பில் கழிவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். மின்சாரமோ 50 யூனிட்டுக்கு மேல். என் கவலை இரண்டாவதைப் பற்றித்தான். அந்த யூனிட்டுகள் நிலக்கரியிலிருந்து வந்தால் பசுமை என்ற பெயர் எதற்கு?

வேதியியல் ஆசிரியர்கள் கட்டுரையைப் படித்துவிட்டுக் கட்டாயம் எழுதுங்கள், வகுப்பில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளையும் சேர்த்து.

அன்புடன்,
ஆசிரியர்