எறிந்தால் முளைக்குமாம்!

மாரி தொடங்குவதற்கு முன்னே கரையோரத்தில் பனை நடுகை விழாக்கள் தொடங்கிவிடும். மேடை வாகரையில் போட்டாலும் மாங்கேணியில் போட்டாலும் பேச்சு ஒன்றுதான்: பனைக்குத் தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆளும் வேண்டாம், கொட்டையை எறிந்தால் போதும். வருடக்கணக்காகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எறிந்தால் வெள்ளைச் சட்டையில் மண் படாது, அதுவரைக்கும் உண்மை.

தண்ணீர் வேண்டாமாம். வளர்ந்த பனை வரட்சியைத் தாங்குவது, அதன் வேர்கள் மணலுக்கடியில் ஊறிக் கிடக்கும் ஈரத்தைத் தேடிப் போவதால். வேரே விடாத கொட்டைக்கும் அந்தப் பெருமையைச் சூட்டுவது, பாட்டன் நீந்தினான் என்று பேரனை வாவியில் தள்ளுகிற கதை.

எந்த மண்ணிலும் வருமாம். பனிச்சங்கேணிக் களப்போரம், மாரியில் நீர் கட்டி நிற்கும் பள்ளத்தில் கொட்டை அழுகும். அது கண்டலின் இடம்.

இனி அந்த ‘எறிதல்’. பனங்கொட்டை மேல்நோக்கி முளைப்பதில்லை. குழல்போல ஒன்று கீழே இறங்கும். குருத்தையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போகும். கிழங்கு திரள்வது மண்ணுக்குள்ளே. கிழங்குக்குப் பாத்தி போடும் பெண்களைக் கேளுங்கள்: மணலைப் பொலபொலவென்று மேடாகக் கூட்டித்தான் கொட்டையை அடுக்குவார்கள். இறுகிய தரையில் கிழங்கு கட்டையாய், கோணலாய்ப் போகும். தெருவோரக் கிரவலில் எறிந்த கொட்டை எங்கே இறங்கும்? நல்ல மணலிலும் முதல் ஓலை தலைகாட்ட மாதக்கணக்காகும். அதுவும் விசிறியாய் விரியாது, புல்லைப்போல் நிற்கும். கச்சான் வீசித் தரையெல்லாம் காய்ந்து கிடக்கும்போது பச்சையாய் நிற்பதை மாடு விடுமா? மாட்டுக்குத் தப்பினால் தீ. அதற்கும் தப்பினால் வடலியாகவே பல வருடம். ஆணா பெண்ணா என்று பாளை வந்தபின்தான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு வருடமோ, மேலுமோ. அவ்வளவு காலமும் வேலி அடைப்பவரின் பெயர் எந்தப் பதாகையிலும் இருப்பதில்லை.

சுனாமியை மறிக்குமாம். 2004இல் வாகரைக்குள் புகுந்த கடல், அடியில் தாழையும் புதரும் இல்லாத வெறும் மரவரிசைக்கு நின்றுவிடுமா?

போரில் காவலரணுக்குத் தறித்த பனைகளை மீட்டுவிட்டோம் என்று ஒருநாள் விழாவில் கைதட்டுகிறார்கள். 1978 முதல் பனை அபிவிருத்திச் சபை என்று ஒன்றும் இருக்கிறது; அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: அடுத்த மேடையை, போன வருடம் கொட்டை எறிந்த இடத்திலேயே போடுங்கள். நிற்கும் வடலியை எல்லோர் முன்னிலையிலும் எண்ணிவிட்டு, பிறகு சாக்கை அவிழுங்கள்.