ஒரு மதியமாவது

1927-ல் காங்கிரஸ் மாநாட்டையொட்டிச் சென்னையில் நடந்த இசை மாநாடுதான் மியூசிக் அகாடமிக்கும் மார்கழி சீசனுக்கும் வித்து. அந்தச் சீசனில் சபா சபாவாக அலைந்தவர்கள் பலர் இப்போது கண்ணில் படுவதில்லை. பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வு, படுக்கையிலிருக்கும் மாமியார், ஏழு மணிக்கும் முடியாத ஆபீஸ். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரசனை வற்றிவிட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் யூடியூபில் கேட்டால் போதாதா என்கிறார்களே, அங்கேதான் மனம் ஒப்பவில்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் கோர்வையை நெருங்கும்போது வரிசை வரிசையாகத் தொடையில் தாளம் விழும்; கடைசித் தீர்மானத்தில் அத்தனை கைகளும் ஒன்றாய் இறங்கும். அது கைபேசியில் வராது. பல சபாக்களில் மதியக் கச்சேரிக்குக் கட்டணமே இல்லை. இளம் பாடகர்கள் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடுகிறார்கள். இந்த மார்கழியில் ஒரு மதியமாவது போய் உட்காருங்கள்.