கருப்பு மருதாணி மருதாணியே அன்று



பெருநாள் இரவும் நிகாஹ் வீடும் மருதாணி மணமின்றி நிறைவதில்லை. லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் நம் மூதாட்டிகள் இலை பறித்து, அம்மியில் அரைத்து, கையில் துணி சுற்றி விடியும்வரை காத்திருந்தவர்கள். இன்று பெரம்பலூர், அரியலூர் கடைவீதிகளில் சில நிமிடங்களில் பலன் தரும் கோன்களைக் கேட்டு வாங்குகிறோம். வளைகுடாவிலிருந்து வருவோரின் பெட்டிகளிலும் அவை வந்திறங்குகின்றன.

மருதாணி இலையின் சாயம் முதலில் செம்மஞ்சளாகப் பிடிக்கும். ஓரிரு நாள்களில் செம்பழுப்பாக முதிரும். உடனே கரிய நிறம் தர அதனால் இயலாது. அப்படித் தருவதில் பெரும்பாலும் கலந்திருப்பது பாரா ஃபினைலின் டயமின் என்னும் முடிச்சாய வேதிப்பொருள். ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தலைமுடிக்கு மட்டும், அதுவும் 2 விழுக்காட்டுக்கு மிகாமல் அனுமதிக்கிறது; தோலில் தீட்ட அனுமதியில்லை. நம் நாட்டிலும் அது கலந்த முடிச்சாயப் பொதிகளில் எச்சரிக்கை அச்சிடுவது கட்டாயம். பெயரற்ற கோனில் என்ன எச்சரிக்கை இருக்கிறது?

தீங்கு அன்றே தெரிவதில்லை என்பதுதான் இதிலுள்ள வஞ்சகம். சில நாள்கள், சிலருக்கு ஒன்றிரண்டு வாரங்கள் கழித்து, வரைந்த கோலத்தின் வழியே தோல் சிவந்து கொப்புளிக்கும். தழும்பு தங்கிவிடுவதும் உண்டு. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் அது பெரும்பாலும் ஆயுள் முழுதும் தொடரும். பின்னாளில் தலைக்குச் சாயம் பூசினால் முகமே வீங்கக்கூடும். சிறிது தடவிப் பார்த்தால் போதும் என்பாரும் உளர். முதல்முறை ஒன்றும் செய்யாதது மறுமுறை பொங்கி எழலாம்.

மக்கா வெற்றியின்போது அபூ குஹாஃபாவின் நரையை மாற்றச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், கருப்பைத் தவிர்க்கச் சொன்னார்கள். அது முடியைப் பற்றியது. அதைக் கைக்கு இழுத்துப் பொருத்த நான் துணியவில்லை. தனக்கும் பிறருக்கும் தீங்கு கூடாது என்ற மார்க்க நெறியே இங்குப் போதுமானது. ஒளூவையும் எண்ணுங்கள். இலையின் சாயம் நீரைத் தடுக்காது. ஆனால் மெல்லிய ஏடாகப் படிந்து உரிந்து வரும் கோன்களைப் பற்றி உங்கள் ஆலிமிடம் கேட்டறிவது நல்லது.

பச்சிளம் குழந்தையின் பாதத்தில் தூய மருதாணியும் வேண்டாம். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதனால் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் இரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் வந்ததுண்டு. குறைபாடு இருப்பது பெற்றோருக்குப் பல நேரம் தெரிந்திருக்காது.

மணப்பெண்ணுக்கு இரண்டு நாள் முன்னதாகவே இலையரைப்பை இட்டுவிட்டால், நிகாஹ் நாளில் நிறம் முதிர்ந்து நிற்கும். அவசரக் கோனுக்குத் தேவையே எழாது. ஏற்கெனவே இட்டு அரிப்பு தொடங்கிவிட்டதா? சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள், கொப்புளத்தைக் குத்தாதீர்கள். மருத்துவரிடம் செல்கையில் அந்தக் கோனையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.