விடுதலைக்குப் பின் இன்னொரு வழக்கு

குற்றப் பதிவுகளை அழிக்க வழிசெய்தால் ஆளாளுக்கு மனுவோடு வந்து நிற்பார்கள், நீதிமன்றம் தாங்காது என்கிறார்கள். முட்டத்திலிருந்து பார்த்தால் நிலைமை தலைகீழ். தானாக அழிக்கும் விதி இல்லாததால்தான் மனு போட வேண்டியிருக்கிறது.

எங்கள் கடற்கரைப் பையன்கள் பலர் வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும். கூடங்குளம் அணுவுலையை எதிர்த்த கடலோர மக்கள் பல்லாயிரம் பேர் மீது வழக்குகள் பாய்ந்தன. அவற்றைத் திரும்பப் பெற முயல வேண்டுமென்று 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனாலும் தவணை தவணையாகத்தான் வாபஸ் ஆயின. அதுவரை பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவது? நீதிமன்றத்துக்குத்தான்.

வழக்கில் விடுதலையானால் தீர்ந்ததா? தமிழ்நாடு காவலர் பணி விதி 14(ஆ)வின்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானாலும் அப்படித்தான். சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2008இல் இதை ஏற்றுக்கொண்டது. கீழ்நீதிமன்றம் விடுவித்த பையன் வேலைக்காக ரிட் போடுகிறான். ஒரு வழக்கு இரண்டாகிறது.

சரித்திரப் பதிவேடு இன்னும் மோசம். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒருவரை அதில் வைத்திருக்க மேலதிகாரியின் உத்தரவு வேண்டும் என்கிறது காவல் நிலையாணை. உத்தரவே இல்லாமல் பெயர் தொடர்கிறது என்று மதுரைக் கிளைக்கு மனுக்கள் போகின்றன. இங்கிருந்து மதுரை சுமார் 250 கிலோமீட்டர். வக்கீல் ஃபீஸ், பஸ் செலவு, கடலுக்குப் போகாத நாட்கள் எல்லாம் யார் தலையில்?

யார் பெயர் அதில் ஏறுகிறது என்பதில் சாதி இருக்கிறது. பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் என்பதாலேயே அப்பாவிகள் மீது இப்பதிவேடுகள் திறக்கப்படுவதாக வந்த ஆய்வுகளை 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. டெல்லி போலீஸ் திருத்திய விதிகளைப் போல மற்ற மாநிலங்களும் பரிசீலிக்கச் சொன்னது. குற்றப் பழங்குடிச் சட்டம் ஒழிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் காவல் நிலையத்து நோட்டுக்கு அது தெரியவில்லை போலும்.

அமெரிக்காவின் மிச்சிகனில் மனு போட்டுப் பதிவை நீக்கும் முறை இருந்தபோது, தகுதியுள்ளவர்களில் 6.5 சதவீதம் பேரே ஐந்தாண்டுக்குள் நீக்கிக்கொண்டார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. மனு முறை ஏழைகளை வடிகட்டிவிடுகிறது. பென்சில்வேனியா 2018இல் வேறு வழி எடுத்தது: தகுதியான பதிவுகளைக் கணினியே முடக்கிவிடும், யாரும் மனு போட வேண்டாம்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம், 24ஆம் பிரிவு, சிறாரின் பதிவுகளை அழிக்கச் சொல்கிறது. பெரியவர்களுக்குத்தான் அப்படியொரு பொதுவான விதி இல்லை. விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டார். 2021இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதி அமர்வு ஏற்றது. அதே ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஒரு பெயருக்காக மூன்று படிகள்!

நீதிமன்றச் சுமையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் தமிழ்நாடு அரசிடம் இரண்டைக் கேட்கட்டும். விதி 14(ஆ)வில் விடுதலையானவர்களைக் குற்றத்தோடு சேர்க்கும் விளக்கத்தை எடுக்க வேண்டும். நீட்டிப்பு உத்தரவு இல்லாத பெயர் கெடு முடிந்த அன்றே பதிவேட்டிலிருந்து தானாக நீங்க வேண்டும். இரண்டுக்கும் டெல்லி வரை போக வேண்டியதில்லை, கோட்டையில் ஓர் அரசாணை போதும்.