கொழும்பு எப்படித் தெரிந்தது?

இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி மதுரைக்குத் தெற்கே தெரிந்ததற்கு ஆண்டெனாவை மட்டும் புகழ்வது அநியாயம். 1980களில் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் உள்ளிட்ட தென் மாவட்ட ஊர்களில் மொட்டைமாடிக் கம்பத்தைத் தென்கிழக்கே திருப்பி, பூஸ்டர் மாட்டிக் கொழும்பைப் பிடித்தார்கள். ஆண்டாள் கோயில் கோபுரத்தோடு போட்டி போட நினைத்த கம்பங்களும் உண்டு!

ஆனால் இந்தியாவும் இலங்கையும் ஒரே ஒளிபரப்புத் தரத்தை வைத்திருந்தன: பால்-பி (PAL-B). படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள், படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒலி.

வேடிக்கை என்னவென்றால், 1982 பிப்ரவரியில் தொடங்கிய ரூபவாஹினிக்கு நிலையம் அமைக்க நிதி தந்தது ஜப்பான். அந்த நாட்டிலோ அப்போது 525 கோட்டு என்டிஎஸ்சி முறை. கொழும்பும் அதையே எடுத்திருந்தால் நம் பெட்டிகளில் கலரும் வந்திருக்காது, சத்தமும் வந்திருக்காது.

அதே 1982இல் கலருக்கு மாறிய தூர்தர்ஷன் எடுத்ததும், ஜெர்மானியப் பொறியாளர் வால்டர் புரூக் 1960களில் உருவாக்கிய பால் முறையைத்தான். ஒன்றுவிட்டு ஒரு கோட்டில் வண்ணச் சைகையின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி அனுப்புவதால், வழியில் சேரும் நிறப்பிழை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். கடல் தாண்டிய நிகழ்ச்சிகளுக்காகக் கம்பத்துக்குச் சொன்ன நன்றியில் பாதி புரூக்குக்கும் சேர வேண்டியது.