பராமரிப்போருக்கும் ஓய்வு வேண்டும்

கேமரன் மலைக்கு வரும் சுற்றுப்பயணிகள் தேயிலைச் சரிவுகளைப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு குவளைத் தேநீர் பருகிவிட்டுத் திரும்புகின்றனர். அச்சரிவுகளில் முப்பது, நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர்கள் இன்று எப்படி வாழ்கிறார்கள் என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் முதலாக, இம்மலைத் தோட்டங்கள் தமிழ்ப் பாட்டாளிகளின் உழைப்பால் வளர்ந்தவை. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெரும்பாலும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலை தேடிச் சென்றுவிட்டனர். கொழுந்து வெட்டும் வேலையில் இப்பொழுது வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களே மிகுதி. தோட்டத்து வீடுகள் பலவற்றில் எஞ்சியிருப்போர் ஒரு முதியவரும் அவரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருமே.

அந்த முதியவருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் வந்துவிட்டால் வீட்டின் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. ‘வயசானால் புத்தி தடுமாறத்தான் செய்யும்’ என்று தோட்டப்புறத்தில் சொல்வதுண்டு. உண்மையில் இது முதுமையின் இயல்பு அன்று. மூளையைத் தாக்கும் நோய்களின் விளைவு. அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் அல்சைமர் நோயை ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டிலேயே விளக்கினார். ஓய்வு பெற்று இருபது ஆண்டுகள் ஆன பாட்டி விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கதவைத் திறப்பார். வெளியே பனிமூட்டம், வீட்டைத் தாண்டினால் சரிவும் வளைவுச் சாலையும். அவருக்கு முன்பாக விழித்துக்கொள்ளும் ஒருவர் அந்த வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

சுகாதார அமைச்சு 2018இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் 8.5 விழுக்காட்டினரிடம் மறதிநோய்க்கான அறிகுறிகள் தென்பட்டன. நகரத்தைவிடக் கிராமப்புறத்திலும், பள்ளிக்கூடம் செல்லாதவர்களிடத்திலும் இவ்விழுக்காடு கூடுதலாக இருந்தது. தோட்டத்து முதியோரில் பலர் இவ்விரு வகையிலும் அடங்குபவர்கள். (படிப்பறியாத ஒருவரிடம் இன்றைய தேதி என்ன, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல் என்று கேட்கும் சோதனைகள் அவருடைய நினைவை அளக்கின்றனவா, படிப்பை அளக்கின்றனவா என்பது வேறொரு கேள்வி.) மறதி எல்லாம் மறதிநோய் அன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டுச் சுரப்பியின் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரலாம். அவற்றைக் குணப்படுத்த முடியும். ஆகவே, முதல் வேலை மருத்துவரிடம் காட்டுவதுதான்.

மறதிநோய் என்று உறுதியானபின் மருந்தைவிடப் பெரிய தேவை ஆள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மறதிநோயாளரைக் குடும்பத்தார் நாளுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஊதியமின்றிப் பராமரிக்கின்றனர். அந்தப் பராமரிப்பு நேரத்தில் எழுபது விழுக்காடு பெண்களுடையது. சராசரி என்பது ஏமாற்றக்கூடியது. நோய் முற்றிய வீட்டில் பகலும் இரவும் பராமரிப்புதான். மருமகளோ, மகளோ, மூப்படைந்த மனைவியோ அதைச் செய்கிறார். அவருக்கு இரத்த அழுத்தம் இருந்தால் அதற்கான மருத்துவமனைத் தவணையைத் தள்ளிப் போடுகிறார். வேலைக்குப் போனவர் வேலையை விடுகிறார். ஒரே கேள்வியை இருபதாவது முறை கேட்கும்போது குரல் உயர்கிறது. பிறகு அதற்காக இரவெல்லாம் வருந்துகிறார். இவரைப் பொறுமைசாலி என்று ஊர் புகழ்கிறது. புகழ்வதற்குப் பதிலாக, யாராவது ஒரு பிற்பகல் அந்த வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தால் அது உதவி.

அந்த உதவிக்குத்தான் இடைஓய்வுப் பராமரிப்பு என்று பெயர். பயிற்சி பெற்ற ஒருவர் வாரத்தில் சில மணி நேரம் வீட்டுக்கே வந்து நோயாளரைக் கவனித்துக்கொள்வார். பராமரிப்பவர் அந்த நேரத்தில் உறங்கலாம், கடைக்குப் போகலாம், தம் உடலைக் கவனிக்கலாம். முதியவரைக் கொண்டுபோய் வேறோர் இடத்தில் விடுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இடம் மாறினால் மறதிநோயாளர் மிரண்டு போவார். பழகிய அடுப்படியும் திண்ணையும் அவருக்குக் கடைசிப் பிடிமானம்.

மலைத் தோட்டங்களுக்கு வீட்டுப் பராமரிப்பே பொருந்தும் என்பதற்கு இன்னொரு காரணம் தொலைவு. மறதிநோயாளருக்கான பகல்நேர மையத்தை அல்சைமர் நோய் அறவாரியம் பெட்டாலிங் ஜெயாவில் நடத்துகிறது. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கவே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் வளைவுச் சாலை. பகாங்கில் இருக்கும் இம்மலை மக்கள் பெரிய மருத்துவமனை என்றால் பேராக்கில் உள்ள ஈப்போவைத்தான் நினைக்கிறார்கள். மாநிலத் தலைநகரான குவாந்தான் அவ்வளவு தூரம்!

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. சுகாதார கிளினிக்குகளின் பணியாளர்கள் படுத்த படுக்கையானவர்களை வீட்டில் வந்து பார்க்கும் சேவை இருக்கிறது. சமூக நலத் துறையிடம் தொண்டூழியர்களைக் கொண்ட வீட்டு உதவித் திட்டமும், படுக்கையில் கிடப்போரைப் பராமரிப்பவருக்கு மாதாந்தர உதவித்தொகையும் உள்ளன. சிக்கல் எங்கே என்றால், மறதிநோயாளர் பல ஆண்டுகள் நடமாடிக்கொண்டே இருப்பவர். நடப்பதுதான் அவருடைய ஆபத்து. ‘படுத்த படுக்கை’ என்ற அளவுகோலால் அளந்தால், மிகக் கடினமான ஆண்டுகளில் அந்தக் குடும்பம் வரிசைக்கு வெளியே நிற்கும். இந்த அளவுகோல் மாற வேண்டும்.

தோட்டப்புறத்திற்கு இந்த எண்ணம் புதிது அன்று. ஆயாக்கொட்டகையை அறியாத பழைய தோட்டக்காரர் இல்லை. தாய்மார் மலையேறும்போது கைக்குழந்தைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். வயதான ஒருவர் தொட்டில்களை ஆட்டிக்கொண்டு பார்த்துக்கொள்வார். அது யாருடைய தயவும் அன்று. வேலை நடக்க வேண்டுமானால் பிள்ளையை யாராவது பார்க்க வேண்டும் என்ற கணக்கு. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறித்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் குழந்தைக் காப்பகங்களைப் பற்றிப் பேசுகிறது. அன்று தொட்டிலில் கிடந்தவர்களுக்கு இன்று எழுபது வயது. பிள்ளைகளுக்குச் செய்த கணக்கைப் பெரியவர்களுக்கும் செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது.

பெரிய மருத்துவர்கள் இல்லாமல் இது நடக்குமா என்று கேட்கலாம். கோவாவில் நடந்திருக்கிறது. அங்கே சாதாரண உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மறதிநோயாளர் இருக்கும் வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஒரு மனநல மருத்துவரும் ஓர் ஆலோசகரும் பின்னணியில் இருந்து வழிகாட்டினர். 81 குடும்பங்களைக் கொண்டு நடத்திய அந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளிவந்தது: பராமரிப்பவர்களின் மன உளைச்சல் குறைந்திருந்தது. அவர்கள் செய்தது பெரும்பாலும் ஆலோசனையும் ஆறுதலும்தான்; முதியவருடன் உட்கார்ந்திருக்கும் பணியை அதோடு சேர்த்துக்கொள்வது அரிதான காரியம் அன்று.

பெற்றோரைப் பார்ப்பது பிள்ளையின் கடமை, அதற்கு வெளியாள் எதற்கு என்போர் உண்டு. அந்தக் கடமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால், கடமையைப் பேசுகிற மகன் கோலாலம்பூரில் இருக்க, செய்கிற மருமகள் மலையில் இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பணம் யார் தருவது என்பது இதைவிட நியாயமான கேள்வி. சமூக நலத் துறை தொண்டூழியருக்குப் படித்தொகை தரலாம். தோட்ட நிர்வாகம் போக்குவரத்தை ஏற்கலாம். திருவிழாவுக்கு நன்கொடை திரட்டும் ஆலயக் குழு ஆண்டில் ஒரு சிறு பங்கை ஒதுக்கலாம். வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகளும் மாதம் ஒரு தொகை அனுப்பலாம். வாரத்திற்கு ஒரு பிற்பகல் என்று தொடங்கினால் செலவு பெரிதாகாது.

வருகிறவர் தமிழ் பேசுபவராக இருப்பது முக்கியம். நோய் முற்றும்போது பின்னாளில் கற்ற மொழிகள் பலருக்கு முதலில் நழுவுகின்றன. தாய்மொழியே கடைசிவரை நிற்கிறது. தோட்டத்திலேயே வாழும் ஓய்வு பெற்ற பெண்கள் சிலர் இப்பணிக்கு ஏற்றவர்கள். நோயாளரைத் தூக்கும் முறை, விழுங்கும்போது புரையேறாமல் ஊட்டும் முறை, கோபத்தில் இருப்பவரோடு வாதிடாத முறை ஆகியவற்றைத் தானா ராத்தாவிலேயே அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

இடைநிலைப்பள்ளி மாணவர்களை நோயாளருடன் தனியே விடுவது சரியன்று. எனினும் அவர்களால் முடிந்த வேலை ஒன்று இருக்கிறது. புதிதாக வரும் பராமரிப்பாளருக்குத் தாத்தாவைப் பற்றி, பாட்டியைப் பற்றி எதுவும் தெரியாது. எந்தப் பெயரில் அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், தேநீரில் சீனி எவ்வளவு, எந்தப் பாட்டைக் கேட்டால் அமைதியாவார், எந்த மலையில் கொழுந்து பறித்தார், பெரட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தால் என்ன சொல்லி உட்கார வைக்கலாம் என்பனவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொடுக்கலாம். முதியவருக்கு நினைவு ஓரளவு இருக்கும்போதே, அவரிடமே கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.