பிசான அறுப்புக்கு ஒரு காலைப்பொழுது தாருங்கள்

ஆழ்வார்குறிச்சி, சிவசைலம், கடையம், பொட்டல்புதூர் வட்டாரத்துப் பெரியோரே, தாய்மாரே, தம்பி தங்கையரே,

கடனா நதிப் பாசனத்தில் சின்னதாக ஒரு வயலைக் கூட்டாகப் பயிர் செய்துவரும் சில குடும்பங்கள் நாங்கள். இந்தப் பிசானப் பருவத்தில் ஆனைக்கொம்பன் என்ற மரபு நெல்லை நட்டோம். மழையும் ஆறும் கைவிடவில்லை. கதிர் முற்றி வருகிறது. மாசி இரண்டாம் வாரம் அறுப்பு. அதற்கு உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு காலைப்பொழுதைக் கேட்கிறோம்.

அறுப்பு மெஷின் இருக்கும்போது ஆள் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வயலுக்கு வண்டிப்பாதை கிடையாது. வரப்பு வழியாகத்தான் போய் வர வேண்டும். மரபு நெல் உயரமாக வளரும், காற்றடித்தால் சாயும். சாய்ந்த கதிரை மெஷின் முழுசாக எடுக்காது. இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் விதை. மெஷினுக்குள் முந்தின வயலின் நெல் கொஞ்சமாவது தங்கியிருக்கும். சாப்பாட்டு நெல்லில் அது கலந்தால் பெரிய குற்றமில்லை. விதைநெல்லில் கலந்தால் அடுத்த ஆண்டு ஒரே வயலில் கதிர் இரண்டு உயரத்தில் நிற்கும், இரண்டு தவணையில் பழுக்கும். பிறகு அந்தக் கலப்பைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

புதிய ரகங்களுக்கு நாங்கள் எதிரிகள் அல்லோம். பக்கத்து அம்பாசமுத்திரத்தில் 1937-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட அம்பை 16, இந்தப் பள்ளத்தாக்குக்கே பெருமை. கார் பருவத்தில் எங்களில் பலர் அதைத்தான் போடுகிறோம். ஆனால் நாளைக்கு ஒரு புது ரகம் உருவாக்க வேண்டுமென்றாலும் பழைய ரகம் கையில் இருக்க வேண்டும். முக்கூடற்பள்ளு பாடப்பட்ட காலத்தில் தாமிரபரணிக் கரையில் விளைந்த நெல்வகைகளின் பெயர்கள் அந்த நூலில் வரிசையாக வருகின்றன. பெயர் ஏட்டில் இருக்கலாம். நெல் அப்படி இருக்காது. விதையைச் சாக்கில் கட்டிப் பல ஆண்டு வைத்திருந்தால் முளைப்புத்திறன் போய்விடும். விடாமல் விதைத்து, அறுத்து, காயவைத்து, மறுபடி விதைத்தால்தான் ஒரு ரகம் பிழைக்கும்.

2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் இதற்கு எளிய வழி காட்டினார். ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அதே முறையில் இந்த அறுப்பின் விதைநெல்லை நம் வட்டாரத்து விவசாயிகளுக்குக் கொடுக்கப் போகிறோம். மீதி நெல்லில் கூலிச் செலவு போக மிஞ்சுவதைப் பயிரிட்ட குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும்.

கதிரில் நூற்றுக்கு எண்பது மணி பொன்னிறமானதும் அரிவாள் வைத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் மணி உதிரும், அரைக்கும்போது குருணையாகும், மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றியும் விட்டுவைக்காது. அறுத்த நெல்லில் 20 சதவீதம்வரை ஈரம் இருக்கும். சேமிக்க 14 சதவீதத்துக்கும், விதைக்கு 13 சதவீதத்துக்கும் காய வேண்டும். காயாமல் கட்டினால் சூடேறிப் பூசணம் பிடிக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதையும் தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்ததையும் நாம் மறக்கவில்லை. மாசியில் அப்படி வராது என்றுதான் நம்புகிறோம். ஆனாலும் களத்தில் விரித்த நெல்லைக் கெடுக்க அரைமணி நேரத் தூறல் போதும். வானம் கறுத்தால் அள்ளி மூடக் கைகள் வேண்டும். அதற்குத்தான் உங்களை அழைக்கிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். யாருடைய கூலியையும் பறிக்க இந்த ஏற்பாடு இல்லை. கதிர் அறுப்பவர்கள் நம் ஊர்களில் காலங்காலமாக இந்த வேலை தெரிந்த பெண்களும் ஆண்களும்தான். இருபாலருக்கும் ஒரே கூலி, அன்றன்றைக்கே கையில். கட்டுச் சுமப்பது, அடிப்பது, சுளவில் தூற்றிப் பதர் நீக்குவது, காயப்போட்டுக் கிண்டிவிடுவது, கல் பொறுக்குவது, சாக்கில் பிடிப்பது, வைக்கோல் படப்புப் போடுவது, எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சுவது ஆகியவற்றுக்குத்தான் நீங்கள் வேண்டும். அறுக்கப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அந்த அக்காமாரே சொல்லிக் கொடுப்பார்கள். கற்றுத்தரும் நேரத்துக்கும் அவர்களுக்குக் கூலி உண்டு.

வயலுக்கு இப்படிக் கை கொடுப்பது வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. ஜப்பானில் 1970-களில் பட்டணத்துக் குடும்பங்கள் விவசாயிகளோடு நேரடியாகச் சேர்ந்து, விளைச்சலை வாங்கியதோடு நிற்காமல் களையெடுக்கவும் அறுக்கவும் வயலுக்குப் போனார்கள். நமக்கும் கூடி உழைப்பது புதிது அல்ல. பங்குனியில் பரமகல்யாணி அம்மன் தேரை இழுக்க யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதில்லை. வடம் கண்டதும் கை போகிறது. அதேபோல இந்த வயலுக்கும் வாருங்கள். பரமகல்யாணி கல்லூரி மாணவர்கள், சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இங்குள்ள சுற்றுச்சூழல் மையத்தில் படிப்பவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள் எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

அறுப்பு, அடிப்பு, காயப்போடுதல் எல்லாம் சேர்த்துப் பத்து நாள் வேலை. காலை 7 முதல் 11 வரை ஒரு முறை, மாலை 3 முதல் 6 வரை ஒரு முறை. உச்சிவெயில் விதைநெல்லுக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது.

முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு, காலுக்கு மூடிய செருப்பு அவசியம். நெல்லுச் சுணை அரிக்கும். வரப்பில் பூச்சி பொட்டு இருக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் பெற்றோருடன் வரலாம். அவர்களுக்குக் களத்து வேலை மட்டும். அரிவாள் கொடுக்க மாட்டோம்.

நெல்லையிலிருந்தோ தென்காசியிலிருந்தோ வருகிறவர்களுக்குச் செங்கோட்டை ரயில் பாதையில் ஆழ்வார்குறிச்சிக்கே நிலையம் உண்டு. காலை ரயிலுக்கு எங்களில் ஒருவர் அங்கே நிற்பார்.

வர முடியாதவர்கள் தார்ப்பாய், சுளவு, நல்ல சாக்கு இருந்தால் பத்து நாளைக்கு இரவல் கொடுங்கள். சிமெண்டுக் களம் வைத்திருப்பவர்கள் இடம் கொடுத்தால் பேருதவி. ரோட்டில் நெல் காயப்போட்டு யாருக்கும் ஆபத்து உண்டாக்க நாங்கள் விரும்பவில்லை.

உதவ வருகிறவர்களுக்கு எங்களால் சம்பளம் தர இயலாது. கஞ்சியும் துவையலும் தருவோம். வந்து உழைத்தவர்களில் விதைக்க நிலம் உள்ளவர்களுக்கு 2 கிலோ விதைநெல் தருவோம். அடுத்த மாசியில் 4 கிலோவாகத் திருப்பித் தாருங்கள். இந்த நெல் எங்கள் வயலோடு நின்றுவிடாமல் கடனா நதி பாயும் ஊர்களிலெல்லாம் மறுபடி விளைய வேண்டும். அதற்கு உங்கள் ஒரு காலைப்பொழுது வேண்டும்.

அன்புடன்,
கூட்டுப் பயிர் செய்யும் குடும்பத்தார்,
ஆழ்வார்குறிச்சி